ஒரே வீட்டில் இரண்டு பதிவாளர்கள்

ஞானாம்பிகை அந்த ஓட்டல் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது, நீள மேசையின் ஒரு பக்கத்தில் அவளுடைய கணவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். காலையில் ஒரே மேசையில் ரொட்டியும் கோப்பியும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியவர்கள். "இன்னைக்கு மத்தியானம் ஒரு மீட்டிங் இருக்கு, வர லேட்டாகும்" என்று பழனியப்பன் சொன்னார். "எனக்குந்தான்" என்று இவள் சொன்னாள். எங்கே, யாரோடு என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. கேட்பதில்லை என்பது அந்த வீட்டில் பல வருஷ வழக்கம்.

அவள் கேசில்டன் கல்லூரியின் பதிவாளர். அவர் பிரைம்வே கல்லூரியின் பதிவாளர். முதலாவது பினாங்குத் தீவின் மெக்கலிஸ்டர் ரோட்டில் பழைய பங்களா ஒன்றில் இருந்தது. மற்றது பினாங்கு ரோட்டில் துணிக்கடைக்கு மேலே மூன்று மாடிகளில். மாணவர் சேர்க்கை, பரீட்சை அட்டவணை, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கடிதப் போக்குவரத்து, கல்வி அமைச்சின் அனுமதி என்று எல்லாம் பதிவாளர் தலையில்தான் விடியும். ஒரே ஊரில், ஒரே பிள்ளைகளைப் பிடிக்க, ஒரே மாதிரிப் படிப்புகளை வைத்துக்கொண்டு அலையும் இரண்டு கல்லூரிகள். வீட்டில் தொழிலைப் பேசினால் ஒன்று சண்டை வரும், இல்லாவிட்டால் ரகசியம் வெளியே போகும். அதனால் வாசலில் செருப்போடு கல்லூரியையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவது என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொண்டார்கள்.

போன வருஷம் ரிங்கிட்டின் மதிப்பு விழுந்தது. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்ப நினைத்திருந்த பெற்றோர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். சின்னக் கல்லூரிகள் ஒவ்வொன்றாக மூச்சுத் திணறின. கோலாலம்பூர் கம்பெனி ஒன்று முதலில் பிரைம்வேயை வாங்கியது. சில மாதங்களில் கேசில்டனையும் வாங்கியது. இரண்டையும் ஒன்றாக்கி, கடலுக்கு அக்கரையில் செபராங் ஜெயாவில் புதுக் கட்டடத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று பத்திரிகையில் வந்த அன்றைக்கு மட்டும் வீட்டு விதியை மீறி இருவரும் சிரித்துக்கொண்டார்கள். "இனிமே நமக்கு ஒரே போஸ்லா" என்றார் பழனியப்பன். ஒரே கல்லூரிக்கு ஒரே பதிவாளர்தான் என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது அதைச் சொல்வதற்கு ரோஹானா வந்திருந்தாள். கம்பெனியின் மனிதவளப் பிரிவைச் சேர்ந்தவள். முப்பத்தைந்து வயதிருக்கும், இளநீலத் தலைத்துணி, கனிந்த முகம். ஆங்கிலத்தில்தான் பேசினாள். குரலில் ஒரு சொரசொரப்பும் இல்லை.

"உங்க ரெண்டு பேர் சர்வீஸையும் மேலிடத்துல ரொம்ப மதிக்கிறாங்க. ஆனா, ரெண்டு ரெஜிஸ்ட்ரார் வச்சுக்க முடியாது இல்லையா? மத்த டிபார்ட்மெண்ட்ல எல்லாம் நாங்க இன்டர்வியூ வைக்கணும், ஒருத்தரை அனுப்பணும், மனஸ்தாபம் வரும். உங்க விஷயத்துல அந்தக் கஷ்டமே இல்ல. நீங்க குடும்பம். யார் இருக்கிறது, யார் போறதுன்னு வீட்ல பேசி, வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்குச் சொல்லிடுங்க. போறவங்களை நாங்க நல்லபடியா கவனிச்சு அனுப்புவோம்."

பிறகு கறிபஃப் தட்டை அவர்கள் பக்கம் நகர்த்தினாள். இரண்டு பேரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். தின்றார்கள். எழுந்தபோது நன்றிகூடச் சொன்னார்கள். அந்த நன்றிதான் பிறகு பல நாள் ஞானாம்பிகையின் தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கிக் கிடந்தது. எதற்கு நன்றி? ஒரு கம்பெனி தான் செய்யவேண்டிய வேலையை அவள் வீட்டுச் சமையலறையில் இறக்கி வைத்துவிட்டுப் போவதற்கா?

லிஃப்டில் யாரும் இல்லை. பழனியப்பன் வேட்டி கட்டியிருப்பவர்போலக் கால்சட்டையை இடுப்பில் இழுத்துவிட்டுக்கொண்டார். பதட்டமாக இருக்கும்போது அவர் செய்வது அது.

"நீயே இரு ஞானா" என்றார்.

"நீங்க இருங்க" என்றாள் அவள்.

கீழ்த்தளம் வந்து கதவு திறந்தது. அவர் தன் காருக்குப் போனார், அவள் தன் காருக்குப் போனாள்.

*

அவர்கள் கல்யாணம் செய்துகொண்டதே கொஞ்சம் எதிர்நீச்சலில்தான். ஞானாம்பிகையின் அப்பா கந்தப்பு ரயில்வேயில் தலைமைக் குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக்காரர். வீட்டில் ஆங்கிலப் பத்திரிகை, ஞாயிற்றுக்கிழமை தேவாரம், பிள்ளைகளுக்கு அரசாங்க உத்தியோகம் என்று கோடு கிழித்து வாழ்ந்தவர். பழனியப்பனின் அப்பா மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்தவர். இருவரும் ஒரு டியூஷன் நிலையத்தில் அலுவலக வேலைக்குச் சேர்ந்தபோது பக்கத்துப் பக்கத்து மேசை. பரீட்சைக்குப் பதிந்த பிள்ளைகளின் விவரங்களை யார் முதலில் தட்டச்சு செய்து முடிப்பது என்று போட்டி. ஒருநாள் அவள் ஜெயிப்பாள், ஒருநாள் அவர் ஜெயிப்பார். தோற்றவர் கீழே ஒட்டுக்கடையில் மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கித் தரவேண்டும். அவள் ஜெயிக்கட்டும் என்று அவர் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததே இல்லை. அதனால்தான் அவரைப் பிடித்தது என்று அவள் தன் அக்கா புஷ்பராணியிடம் சொன்னபோது, "இதெல்லாம் ஒரு காரணமாடி?" என்று அக்கா கேட்டாள்.

டியூஷன் நிலையம் மூடிய பிறகு அவர் ஒரு கல்லூரிக்கும் அவள் ஒரு கல்லூரிக்கும் போனார்கள். போட்டி போகவில்லை. வருஷா வருஷம் எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதிப் பரீட்சை முடிவுகள் வந்ததும் கொம்தார் கோபுரத்தில் கல்விக் கண்காட்சி நடக்கும். ஒரு வருஷம் பிரைம்வே கடையும் கேசில்டன் கடையும் எதிரெதிரே அமைந்தன. பட்டர்வொர்த்திலிருந்து தாயும் தகப்பனுமாக ஒரு பெண் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் அவர் கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்து எல்லாம் கேட்டுவிட்டு, எழுந்து, எதிர்க்கடைக்கு வந்து இவளிடம் பணம் கட்டிவிட்டுப் போனார்கள். பழனியப்பன் தன் கடையிலிருந்தே மெல்லக் கை தட்டினார். அடுத்த வருஷம் அவளிடம் இடம் வாங்கியிருந்த மூன்று பேரை உபகாரச் சம்பளம் காட்டி இழுத்துக்கொண்டார். அவள் அதற்குப் பதிலாக ஓர் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் பட்டப் படிப்பைத் தன் கல்லூரியில் நடத்த அவரை முந்திக்கொண்டு பேசி முடித்தாள். அந்தச் செய்தி பத்திரிகையில் வந்த காலையில் அவர் எதுவும் சொல்லாமல் ஜெலுத்தோங் பாசாருக்குப் போய்ப் பெரிய வாவல் மீன் வாங்கிவந்து போட்டார். கல்லூரியைப் பற்றிப் பேசக்கூடாது என்றுதானே விதி. மீன் வாங்கக்கூடாது என்று இல்லையே.

இப்போது பேசவேண்டும் என்று ஆகிவிட்டது. ஆனால் பேச்சு வரவில்லை.

"நீயே இரு."

"இல்ல, நீங்க இருங்க."

முதல் இரண்டு நாள் இது அன்பாக இருந்தது. மூன்றாம் நாள் அதே சொற்கள் வேறு மாதிரிக் கேட்டன. அவர் "நீயே இரு" என்றால், 'நான் சொல்லிட்டேன், எப்படியும் நீ மறுப்பே, நான் என் கடமையை முடிச்சிட்டேன்' என்று இவளுக்குப் பட்டது. அவள் "நீங்க இருங்க" என்றால் அவர் முகம் இறுகியது. குளுகோரில் இருந்த அவர்கள் வீட்டில் எஸ்.பி.எம். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் சந்திரிகா அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "நீங்க சண்டை போட்டாக்கூடப் பரவால்லம்மா. இந்த பொலைட்டா பேசறது இருக்கே, அது டிஸ்டர்பா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

புதன்கிழமை புஷ்பராணி அக்கா போன் செய்தாள். யார் சொன்னார்களோ, விஷயம் தெரிந்திருந்தது.

"நீ விட்டுக்குடு. அவர் ஆம்பிளை, வேலை இல்லாம வீட்டில இருந்தால் நாலு சனம் என்ன சொல்லும்? உனக்கென்ன, பிள்ளையைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம்தானே."

"அக்கா, நான் அவரவிட எந்த விதத்துல குறைச்சல்?"

"ஆர் குறைச்சல் எண்டு சொன்னது? குறைச்சல் இல்லாததாலதானே விட்டுக்குடுக்கச் சொல்றன்."

ஞானாம்பிகை போனை வைத்தாள். அப்பா உயிரோடு இருந்தபோது இந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றவள் இந்த அக்காதான். இன்றைக்கு அதே மாப்பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றத் தங்கையை வீட்டில் உட்காரச் சொல்கிறாள்.

மறுநாள் கேசில்டனில், பொருளாதாரம் சொல்லித்தரும் நாகூர் மீரான் அவளுடைய அறைக்கு வந்து கதவோரம் நின்றார். பதினோரு வருஷப் பழக்கம். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, நீங்க ரிசைன் பண்றீங்கன்னு கேள்விப்பட்டேன். மனசுக்குக் கஷ்டமா இருக்கு. ஆனா நல்ல முடிவு. குடும்பம்னா அப்படித்தான் இருக்கணும்."

"யார் சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க. கேன்டீன்ல பேசிக்கிறாங்க."

"நான் சொன்னேனா?"

மீரான் விழித்தார். "இல்ல. ஆனா… அண்ணன் போவாரா என்ன?"

அவர் அதை வன்மமாகச் சொல்லவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதுபோலச் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவள் ஒரு வார்த்தை பேசாமல், ஒரு தாளில் கையெழுத்துப் போடாமல், இந்த ஊர் அவளை வீட்டுக்கு அனுப்பி முடித்துவிட்டது. மீரான் போனதும் கதவைச் சாத்திவிட்டுக் கோலாலம்பூருக்குப் போன் போட்டாள்.

"மிஸ் ரோஹானா, நாங்க முடிவு பண்ணல. பண்ணவும் மாட்டோம். அது உங்க வேலை. மத்தவங்களுக்கு எப்படி இன்டர்வியூ வைக்கிறீங்களோ அப்படி எங்களுக்கும் வைங்க. யார் தகுதின்னு நீங்க பாத்துச் சொல்லுங்க."

"உங்க கணவருக்கும் இதுதான் விருப்பமா?"

"அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"வீட்ல முடிச்சிருந்தா எல்லாருக்கும் சுலபமா இருந்திருக்கும்" என்றாள் ரோஹானா, உண்மையிலேயே வருத்தத்தோடு.

*

அன்று மாலை பழனியப்பனிடம் சொன்னபோது அவர் செம்பருத்திச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். குழாயை மூடவில்லை. தண்ணீர் செடியை விட்டுச் சிமெண்டுத் தரையில் ஓடியது.

"என்னைக் கேக்காமயே பேசிட்டே."

"கேட்டிருந்தா நீயே இருன்னு சொல்லியிருப்பீங்க. நான் நீங்க இருங்கன்னு சொல்லியிருப்பேன். வெள்ளிக்கிழமை வந்திருக்கும்."

அவர் குழாயை மூடினார். பிறகு பழைய சிரிப்பு ஒன்று, ரொம்ப நாளாகக் காணாத சிரிப்பு, மீசைக்குக் கீழே வந்தது. "சரி. மோதிப் பாத்துருவோம். தோத்தவங்க மீ கோரெங்."

அடுத்த பத்து நாளும் அவள் பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் தயார் செய்தாள். சிக்கல் உண்மையிலேயே பெரிது. கேசில்டன் பிள்ளைகள் ஆஸ்திரேலியப் பட்டத்துக்குப் பாதி தூரம் போயிருந்தார்கள். பிரைம்வே பிள்ளைகள் இங்கிலாந்துப் பட்டத்துக்கு. கம்பெனி ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழற்றிவிடும் என்று பேச்சு. அப்படிச் செய்தால் நடுவில் நிற்கும் பிள்ளைகளின் ஒன்றரை வருஷப் படிப்பு செல்லாக்காசாகிவிடும். அவளுடைய மாணவர்களில் பைராம் தோட்டத்திலிருந்து வரும் ஜெயலெட்சுமி என்ற பெண் இருந்தாள். விடியுமுன்னே தகப்பனின் மோட்டார் சைக்கிளில் நிபோங் திபால் வந்து, பஸ் பிடித்து, ஃபெரி பிடித்து வகுப்புக்கு வருபவள். அவளைப் போன்றவர்கள் திரும்பவும் முதல் வருஷத்திலிருந்து தொடங்கமாட்டார்கள். அப்படியே நின்றுவிடுவார்கள், ஏதாவதொரு தொழிற்சாலை வேலைக்கு அதன் பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார்கள். இரண்டு பட்டங்களையும் இன்னும் இரண்டு வருஷம் இணையாக ஓட்டுவது எப்படி, எந்தப் பாடங்களைச் சேர்த்து நடத்தலாம், எதற்கு எந்தப் பல்கலைக்கழகம் சம்மதிக்கும் என்று அவள் வழி கண்டுபிடித்தாள். பிரைம்வே பக்கத்துப் பாடங்களைப் பற்றி ஒரு சந்தேகம் வந்தபோது அடுத்த அறையில் இருந்தவரிடம் கேட்கலாம் என்று எழுந்தவள், போட்டியில் அது முறையல்ல என்று திரும்ப உட்கார்ந்தாள். அடுத்த அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவரும் படிக்கிறார் என்று நினைத்தாள். அப்படி நினைப்பது சுகமாக இருந்தது.

நேர்காணல் நாளில் அவர் நீலக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டார். அவள் அரக்குக் கரை போட்ட சாம்பல் நிறப் புடவை. ஒரே காரில் போனால் போதும் என்று கடலைக் கடக்கும் பாலத்தின் வழியாகப் போனார்கள். வழியில் அவர் அதிகம் பேசவில்லை. அவரும் மனதுக்குள் பதில்களை ஒத்திகை பார்க்கிறார் என்று அவளும் விட்டுவிட்டாள்.

செபராங் ஜெயாவில் புதுக் கல்லூரி ஒரு கடை வரிசைக்கு மேலே இருந்தது. கீழே டயர் கடை, மேலே சாயம் மணக்கும் சுவர்கள், இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காத நாற்காலிகள். முதலில் ஞானாம்பிகையைத்தான் கூப்பிட்டார்கள். "ஆல் தி பெஸ்ட்" என்றார் பழனியப்பன். அவர் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை என்பதை அவள் உள்ளே போன பிறகுதான் யோசித்தாள்.

உள்ளே ரோஹானாவும் இரண்டு ஆண்களும். ஒருவர் கல்விப் பிரிவுக்குத் தலைவர் என்றார்கள். மற்றவர் நிதிப் பிரிவு; கைத்தொலைபேசியை மேசைமேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ரோஹானா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாழ்த்துகள், மிஸஸ் பழனி."

ஞானாம்பிகைக்குப் புரியவில்லை. "இன்னும் இன்டர்வியூ ஆரம்பிக்கவே இல்லையே?"

"உங்களுக்குத் தெரியாதா?" ரோஹானா மற்ற இருவரையும் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "உங்க கணவர் போன வாரமே போன் பண்ணி விலகிக்கிட்டாரே. போட்டிக்கு வேற யாரும் இல்ல. இது ஒரு சம்பிரதாயம்தான்."

போன வாரம். அடுத்த அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்த வாரம்.

"பரவாயில்ல, கேள்விகளைக் கேளுங்க" என்றாள் அவள். "நான் தயார் பண்ணிட்டு வந்திருக்கேன்."

கல்விப் பிரிவுத் தலைவர் மரியாதைக்காகத் தலையசைத்தார். அவள் பேசத் தொடங்கினாள். இரண்டு பட்டங்கள், நடுவில் நிற்கும் மாணவர்கள், இணையாக ஓட்டும் வழி. இரண்டாவது நிமிஷத்திலேயே அந்த மனிதர் கையைக் காட்டி நிறுத்தினார். "இதெல்லாம் கோலாலம்பூரில் முடிவாகிவிட்டது, மேடம். இங்கிலாந்து புரோகிராம் மட்டும்தான் தொடரும். ஆஸ்திரேலியா மாணவர்கள் விரும்பினால் கோலாலம்பூர் வளாகத்துக்கு மாறிக்கொள்ளலாம்." பிறகு நிதிப் பிரிவுக்காரர் முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினார். இரண்டு கல்லூரிப் பதிவாளர் அலுவலகங்களையும் சேர்த்தால் ஆள் மிக அதிகம், பாதிக்கு மேல் குறைக்கவேண்டும், யார் யார் போகவேண்டும் என்று மாதக் கடைசிக்குள் அவள் பெயர் கொடுத்துவிட வேண்டும் என்றார். "ரெண்டு பக்கமும் உங்களுக்குத் தெரிஞ்சவங்கதானே. உங்களால சுலபமா சொல்ல முடியும்."

மறுபடியும் அந்தச் சொல். சுலபம்.

"நான் யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் ஞானாம்பிகை.

ரோஹானாவின் முகம் வாடியது. "நீங்கதான் ரெஜிஸ்ட்ரார்னு ரெண்டு கல்லூரிக்கும் காலையிலேயே அறிவிப்பு அனுப்பியாச்சே."

*

காரில் ஏறியதும் அவள் கேட்டுவிடுவாள் என்று அவர் எதிர்பார்த்திருக்கவேண்டும். அவள் கேட்கவில்லை. பாலத்துக்குத் திரும்பவேண்டிய சந்தியில் அவர் திரும்பாமல் நேரே பட்டர்வொர்த் பக்கம் ஓட்டினார். குளுகோருக்கு அது சுற்றுவழி. வண்டிகளை ஏற்றித் தீவுக்குக் கொண்டுபோகும் ஃபெரியில் ஏற வரிசை நின்றது. சாவடியைத் தாண்டி, சரிவில் ஏறி, பணியாள் கை காட்டிய இடத்தில் காரை நுழைத்தார். இடது பக்கம் கோழிக் கூண்டுகள் அடுக்கிய லோரி. வலது பக்கம் தொழிற்சாலை பஸ் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்து நின்றது. அவர்கள்தான் முன் வரிசை. முன்னே ஒரு சங்கிலி, அதற்கப்பால் பழுப்புத் தண்ணீர். அவர் எஞ்சினை நிறுத்தினார். ஃபெரி நகர்ந்தது.

"ஏன்?" என்றாள் கடைசியில்.

"ஒனக்குத்தான் அந்த வேலை மேல ஆசை. எனக்குத் தெரியும்ல."

"ஆசை வேலை மேல இல்ல. உங்களோட போட்டி போட்டு ஜெயிக்கணும். இல்லாட்டி தோக்கணும். அதுதான் வேணும்னு கேட்டேன். பத்து நாளு முட்டாள் மாதிரி படிச்சேன். நீங்க அந்த ரூம்ல லைட்டப் போட்டுட்டு என்ன பண்ணீங்க?"

அவர் ஹேண்ட்பிரேக்கை இன்னொரு முறை இழுத்துவிட்டார்.

"விட்டுக்குடுத்தீங்களா, இல்ல எங்கிட்ட தோத்துப் போயிடுவோம்னு பயந்தீங்களா?"

அவர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். பக்கத்து லோரியில் கோழிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கிக் கத்தின.

"ஆளக் குறைக்கணும்னு எங்கிட்ட முன்னாலயே சொல்லிட்டாங்க ஞானா. பிரைம்வே ஆபீஸ்ல வேலை பாக்கிற புள்ளைங்க எல்லாம் நான் சேத்து விட்டது. சலேஹா அங்க வந்தப்போ அவளுக்குப் பதினெட்டு வயசு. எப்படி நான் அவ பேரக் குடுக்கிறது?"

"அதனால என்னைக் குடுக்கச் சொல்லிட்டு வெளிய வந்துட்டீங்க."

"அப்படி நான் நெனைக்கல."

"பின்ன எப்படி நெனச்சீங்க?"

"எல்லாந்தான் ஞானா. ஒனக்குக் கிடைக்கணும்னும் நெனச்சேன். பயமும் இருந்துச்சு. அந்த ஆளுங்க பேர எழுதற கையி எனக்கில்லன்னும் இருந்துச்சு. எது முன்னால வந்துச்சுன்னு கேட்டா, சத்தியமா தெரியல."

பொய் சொல்லியிருந்தால் அவளால் சண்டை பிடித்திருக்க முடியும். இந்த மனிதரை இருபது வருஷமாகத் தெரியும், பொய் சொல்லவில்லை. அக்கா அவளை வீட்டில் உட்காரச் சொன்னாள், மீரான் உட்காரவைத்தே விட்டார், இவர் அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வந்தார். அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. ஜெயலெட்சுமிக்கு இன்றே சொல்லவேண்டுமா, நாளைக்குச் சொல்லவேண்டுமா என்று யோசித்தாள். அந்தப் பெண் தினமும் இதே தண்ணீரைத்தான் இரண்டு முறை தாண்டுகிறாள்.

காரின் கண்ணாடியை இறக்கினாள். கோழி நாற்றம் குப்பென்று உள்ளே வந்தது. கதவைத் திறந்தாள். ஒரு சாண் திறந்து லோரியில் இடித்து நின்றது.

"கொஞ்சம் பொறுலா, இந்தா கரை வந்திரும்" என்றார் அவர்.

அவள் பொறுக்கவில்லை. அந்த ஒரு சாண் இடைவெளியில் முதலில் காலை வைத்து, பிறகு உடம்பை ஒடுக்கி, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். லோரியின் ஈரச் சேறு சாம்பல் நிறப் புடவையின் இடுப்பிலிருந்து முழங்கால்வரை பட்டையாக ஒட்டிக்கொண்டது. தட்டிவிடவில்லை. காருக்கும் சங்கிலிக்கும் நடுவில் இருந்த கொஞ்சம் இடத்தில் போய் நின்றாள். அலை உடைந்து தெளித்த நீர் முகத்தில் பட்டது. எதிரே தீவு பெரிதாகிக்கொண்டு வந்தது, மணிக்கூண்டும், அதற்குப் பின்னால் எல்லாவற்றையும் விட உயரமாகக் கொம்தாரும்.

திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் பழனியப்பன் தன் பக்கத்துக் கதவைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் விடவில்லை. விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. இரண்டு முறை தள்ளினார். பிறகு இவள் வந்த வழியே வரலாம் என்று பக்கத்து இருக்கைக்கு நகர முயன்றார். கியர் கம்பியில் கால் மாட்டிக்கொண்டது. பருத்த உடம்பு. பாதி அந்த இருக்கையிலும் பாதி இந்த இருக்கையிலுமாகச் சிக்கி, கண்ணாடி வழியாக அவளையே பார்த்தார்.

ஃபெரி துறையைத் தொட்டு ஒரு குலுங்கு குலுங்கியது. பின்னாலிருந்து ஒவ்வொன்றாக எஞ்சின்கள் உயிர்பெற்றன. முதலில் மோட்டார் சைக்கிள்கள், பிறகு கார்கள், கடைசியில் கோழி லோரி. பணியாள் சங்கிலியின் ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு, "காக், மாசோக் கெரேத்தா" என்று அவளைக் காருக்குள் போகச் சொல்லிச் சைகை காட்டினான். யாரோ ஹார்ன் அடித்தார்கள். இன்னொருவர் அடித்தார்.

ஞானாம்பிகை சங்கிலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அத்தனை வண்டிகளுக்கும் முன்னால், சேறு படிந்த புடவையோடு நின்றுகொண்டிருந்தாள்.